வள்ளலாரை ‘இந்து சமயச் சீர்திருத்தவாதி’ என்று எழுதுவது சரியா?

சபைத்தொண்டன் (இழையைத் தொடங்கியவர்)

பள்ளிப் பாடநூலிலும் போட்டித் தேர்வுக் கையேடுகளிலும் ‘19ஆம் நூற்றாண்டு இந்து சமூக, சமயச் சீர்திருத்தம்’ என்று ஒரு பாடம் வரும். ராம்மோகன் ராய், தயானந்த சரஸ்வதி, விவேகானந்தர் என்று வரிசையாகப் போய், கடைசியில் நம் வள்ளலார் இராமலிங்க அடிகளுக்கும் ஒரு பத்தி ஒதுக்குவார்கள். எனக்கு இந்த வரிசையே ஒப்புதல் இல்லை.

தயானந்தர் 1875இல் ஆரிய சமாஜம் கண்டபோது வேதத்துக்குத் திரும்பச் சொன்னார். வள்ளலார் அதற்கு முன்பே ‘வேதாக மங்களென்று வீண்வாதம் ஆடுகின்றீர் வேதாக மத்தின் விளைவறியீர்’ என்று பாடிவிட்டார். ‘நால்வருணம் ஆசிரமம் ஆசாரம் முதலா நவின்றகலைச் சரிதமெலாம் பிள்ளைவிளை யாட்டே’ என்றும் பாடினார். வீட்டுக்கு ஒட்டடை அடித்து வெள்ளை பூசுகிறவரை சீர்திருத்தவாதி எனலாம். வீட்டையே விட்டு வெளியேறியவருக்கும் அதே பெயரா?

இது என் ஊகமும் இல்லை. 1873 அக்டோபர் 22ஆம் தேதி மேட்டுக்குப்பத்தில் கொடி ஏற்றிவிட்டு அவர் பேசியதைப் பேருபதேசம் என்கிறோம். முன்பு சைவ சமயத்தில் தாம் வைத்திருந்த லட்சியம் இவ்வளவென்று அளவு சொல்ல முடியாது என்று அதில் சொல்கிறார். ‘அந்த லக்ஷியம் இப்போது எப்படிப் போய்விட்டது பார்த்தீர்களா!’ என்று கேட்கிறார். அப்போது அவ்வளவு அழுத்தம் இருந்ததற்குக் காரணம், தமக்கு அப்போது அற்ப அறிவாக இருந்ததுதான் என்கிறார். ஒருவர் தம் வாயால் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியுமா?

தில்லைவாசி

தம்பி, ஒருவருடைய ஐம்பது வருட வாழ்க்கையைக் கடைசி ஒரு பேச்சை வைத்து அளக்கக் கூடாது.

அவர் பாட ஆரம்பித்தது எங்கே? சென்னைக் கந்தகோட்டத்தில், ‘ஒருமையுடன் நினதுதிரு மலரடி நினைக்கின்ற உத்தமர்தம் உறவு வேண்டும்’ என்று. அப்புறம் திருவொற்றியூர், அப்புறம் தில்லை. 1858இல் சென்னையை விட்டுக் கிளம்பியவர் கருங்குழியில் வந்து தங்கியதற்கே தில்லை பக்கத்தில் இருந்தது ஒரு காரணம். நால்வரையும் தனித்தனியே பாடிப் போற்றியவர் அவர். திருவாசகத்தைக் கலந்து பாடினால் கருப்பஞ்சாற்றில் தேன் கலந்தது போல் இனிக்கும் என்று உருகியவர்.

சரி, அதெல்லாம் முந்திய காலம் என்பீர்கள். பிந்திய காலத்துக்கே வருவோம். ஜோதி வழிபாட்டுக்காக 1872 தைப்பூசத்தில் வடலூரில் திறந்த சத்திய ஞான சபைக்குள் சிற்சபை, பொற்சபை என்று வைத்தாரே, அந்தப் பெயர்கள் எந்த ஊர்க் கோயிலுடையவை? வடலூருக்கு அவர் வைத்த பெயர் உத்தரஞான சிதம்பரம். ‘ஆதியும் அந்தமும் இல்லா அரும்பெருஞ் சோதி’ என்று மணிவாசகர் திருவெம்பாவையைத் தொடங்கினாரே, அந்தச் சோதிக்கும் அருட்பெருஞ்ஜோதிக்கும் எத்தனை தூரம்? பசித்தவனுக்குச் சோறு போடுவதைத் திருமூலர் ‘யாவர்க்குமாம் உண்ணும்போது ஒரு கைப்பிடி’ என்று எப்போதோ சொல்லிவிட்டார். வள்ளலார் அந்த மரத்தின் உச்சிக் கிளை. கிளை உயரே போய்விட்டது என்பதற்காக வேர் வேறாகிவிடாது.

பழம்பிரதி

நீங்கள் இருவரும் வேறு வேறு புத்தகங்களிலிருந்து பேசுகிறீர்கள். நான் பழைய பதிப்புகளைச் சேர்க்கிறவன், அதனால் குறுக்கே வருகிறேன்.

வள்ளலாரின் சீடர் தொழுவூர் வேலாயுத முதலியார், அவர் பாடல்களைத் ‘திருவருட்பா’ என்று தொகுத்து, அதன் முதல் நான்கு திருமுறைகளை (பகுதிகளை) 1867இல் அச்சிட்டார். ஐந்தாம் திருமுறை 1880இல் வந்தது. ஆறாம் திருமுறை 1885இல்தான் வந்தது. அதாவது வள்ளலார் 1874இல் மேட்டுக்குப்பத்து அறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டு 11 வருடம் கழித்து. சபைத்தொண்டன் காட்டிய பாட்டெல்லாம் ஆறாவதில் இருப்பவை. தில்லைவாசி ஐயா காட்டிய பாட்டெல்லாம் அதற்கு முந்தியவை.

இதில் ஒரு வேடிக்கையை யாரும் கவனிப்பதில்லை. யாழ்ப்பாணத்துச் சைவ அறிஞர் ஆறுமுக நாவலர் தரப்புக்கும் வள்ளலார் தரப்புக்கும், இவை அருளால் வந்த பாட்டா மருளால் வந்த பாட்டா என்று நடந்த அருட்பா மருட்பாச் சண்டையை ‘பழமைவாதி எதிர் புரட்சியாளர்’ என்று மேடைகளில் முழங்குகிறார்கள். நாவலர் தரப்பின் ‘போலியருட்பா மறுப்பு’ வெளியானது 1869இல். நாவலர் காலமானது 1879இல். சாதியைப் பிள்ளை விளையாட்டு என்ற பாட்டு அச்சேறியபோது நாவலர் உயிரோடு இல்லை. அவர் கோபப்பட்டது 1867ஆம் வருடப் புத்தகத்தின் மேல். அந்தப் புத்தகத்தில் இருப்பவர் உருகி உருகி அழும் சிவபக்தர். தம் காலத்தில் வாழும் ஒருவருடைய பாடல்களை ‘அருட்பா’ என்றும் ‘திருமுறை’ என்றும் பெயரிட்டு, தேவார திருவாசகத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்களே என்பதுதான் நாவலருடைய ஆத்திரம்.

மஞ்சக்குப்பம் நீதிமன்ற வழக்கும் அப்படித்தான். பாட்டு அருட்பாவா மருட்பாவா என்று வெள்ளைக்கார நீதிபதி தீர்ப்புச் சொல்லவில்லை. சிதம்பரம் கோயிலில் நடந்த கூட்டத்தில் தம்மை அவதூறாகப் பேசினார்கள் என்று நாவலர் தொடுத்த வழக்கு அது.

தில்லைவாசி

நாவலரைப் பற்றி ஒரு வார்த்தை. இணையத்தில் அவரை வில்லனாக்கியே எழுதுகிறார்கள். ஏடுகளைத் தேடித் திருத்தி அச்சில் கொண்டுவந்தவர். 1848இல் வண்ணார்பண்ணையிலும் 1864இல் சிதம்பரத்திலும் பள்ளிக்கூடம் திறந்தவர். கிறித்தவப் பிரசாரத்தை அவர்களுடைய கருவிகளைக் கொண்டே, அச்சகமும் பள்ளியும் பிரசங்கமுமாக, எதிர்கொண்டவர். அவரும் ஒரு வகையில் சீர்திருத்தவாதிதான்.

வள்ளலாருக்கே அந்த ஆடம்பரப் பெயர்களில் விருப்பம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ‘இராமலிங்கசாமி’ என்று வழங்குவது தமக்குச் சம்மதமில்லை, ஆரவாரமாகத் தோன்றுகிறது என்று இறுக்கம் இரத்தின முதலியாருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். திருவருட்பா என்ற பெயரும் திருமுறை என்ற பகுப்பும் தொழுவூராருடைய வேலை.

முத்திரிக்கிணறு

அந்தச் சண்டையில் எங்கள் குமரிப் பக்கத்து ஆள் ஒருவர் உண்டு, அவரை விட்டுவிடாதீர்கள். நாவலருக்குப் பிறகு நா. கதிரைவேற் பிள்ளை மருட்பாக் கட்சியைத் தூக்கிப் பிடித்தபோது, அருட்பாதான் என்று மேடை மேடையாகப் பேசியவர் இடலாக்குடி சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர். இஸ்லாமியர். ஒரு சைவர் மருட்பா என்கிறார், ஒரு முஸ்லிம் அருட்பா என்கிறார். வள்ளலார் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு 100 வருடத்துக்கு முன்பே ஒரு பதில் கிடைத்துவிட்டது போலிருக்கிறது.

தேவனாம்பட்டினம்

எல்லாரும் அவர் இந்துவா இல்லையா என்று அடித்துக்கொள்கிறீர்கள். எனக்கு அதில் அக்கறை இல்லை. அவர் செய்த சீர்திருத்தம் யாருக்குப் பயன்பட்டது என்று மட்டும் கேட்கிறேன்.

ஞான சபை வாசலில் ஒரு வாசகம் இருக்கிறது: ‘கொலை புலை தவிர்த்தோர் மட்டுமே உள்ளே புகுதல் வேண்டும்.’ புலை என்றால் புலால். நான் கடலூர்க் கடற்கரைக்காரி. எங்கள் வீட்டில் மீன் என்பது கறி மட்டும் இல்லை. அதுதான் பள்ளிக்கூடக் கட்டணம், அதுதான் கல்யாணச் செலவு. என் அப்பா மொபெட்டில் மீன் பெட்டி கட்டிக்கொண்டு குறிஞ்சிப்பாடி, வடலூர் என்று போய் விற்றுவிட்டு வருவார். வியாபாரம் முடிந்தால் பெட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பசித்தவர்க்குச் சோறு போட வள்ளலார் தொடங்கிய தருமசாலையில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார். அங்கே யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை, மறுசோறு வேண்டுமா என்பதைத் தவிர. அதை நான் எங்கேயும் சொல்வேன். ஆனால் அங்கிருந்து எழுந்து சபைக்குப் போனால், அந்த வாசகத்தைப் படித்துவிட்டு வெளியிலேயே நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுவார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. அவரே நின்றுகொண்டார்.

சாதி பார்த்து நிறுத்துவது போய், தட்டைப் பார்த்து நிறுத்துவது வந்தது. 19ஆம் நூற்றாண்டுத் தென்னார்க்காட்டில் யாருடைய தட்டில் மீனும் மாடும் இருந்தது, யாருடைய தட்டில் இல்லை என்று உங்களுக்குத் தெரியாதா? இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே பட்டியலாகத்தான் இருக்கும்.

சபைத்தொண்டன்

அக்கா, உங்கள் அப்பாவைப் பற்றிப் படித்தபோது மனசு கஷ்டமாக இருந்தது. ஆனாலும் வாதத்தில் ஒரு வித்தியாசத்தை விட்டுவிட்டீர்கள். பிறப்பை ஒருவன் மாற்றிக்கொள்ள முடியாது. உணவை மாற்றிக்கொள்ளலாம். வள்ளலார் வைத்த நிபந்தனை பிராமணனுக்கும் உண்டு, பறையருக்கும் உண்டு, வெள்ளைக்காரக் கலெக்டருக்கும் உண்டு. புலால் உண்ணாத ஒரு தீண்டப்படாதவர் உள்ளே போகலாம், புலால் உண்ணும் ஜமீன்தார் போக முடியாது. 1872இல் எந்தக் கோயிலில் இப்படி ஒரு விதி இருந்தது, காட்டுங்கள்.

அப்புறம், எது முதன்மை என்று பாருங்கள். அவர் முதலில் கட்டியது சபை இல்லை. 1867 மே 23ஆம் தேதி தருமசாலையைத் தொடங்கினார். பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த 80 காணி நிலம் அது. அன்று மூட்டிய அடுப்பு இன்றைக்கும் அணையவில்லை. 21 அடி நீள அடுப்பு, ஒரு பக்கம் விறகைத் தள்ளிக்கொண்டே இருக்கிறார்கள். சபை கட்டியது அதற்கு அப்புறம்தான். பசித்தவர் எந்தத் தேசம், எந்தச் சமயம், எந்தச் சாதி, என்ன தொழில் என்று விசாரிக்காமல் சோறு போட வேண்டும் என்று ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் எழுதிவைத்தார். ஜீவகாருண்யமே மோட்ச வீட்டின் திறவுகோல் என்றார். அந்தத் திறவுகோலை உங்கள் அப்பாவுக்கும் தந்திருக்கிறார்.

தேவனாம்பட்டினம்

திறவுகோலைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் வராதே என்பதைத்தான் கேட்கிறேன்.

ஆறாம் திருமுறையிலிருந்து நீங்கள் காட்டாத ஒரு பாட்டை நான் காட்டுகிறேன்.

‘உயிர்க்கொலையும் புலைப்பொசிப்பும் உடையவர்கள் எல்லாம்
உறவினத்தார் அல்லர்அவர் புறஇனத்தார் அவர்க்குப்
பயிர்ப்புறும்ஓர் பசிதவிர்த்தல் மாத்திரமே புரிக
பரிந்துமற்றைப் பண்புரையேல் நண்புதவேல்’

பசிக்குச் சோறு மட்டும் போடு, அதற்குமேல் நல்ல வார்த்தை சொல்லாதே, நட்பும் வேண்டாம் என்கிறார். தம் சன்மார்க்க நெறிக்கு அவர்கள் வரும்வரை இதுதான் ஆணை என்று முடிக்கிறார். புறஇனத்தார்! வாடிய பயிரைக் கண்டபோதெல்லாம் வாடியவர் எழுதியதுதான் இதுவும். மேடையில் பயிரை மட்டும் பாடுகிறீர்கள். தருமசாலையில் என் அப்பாவுக்கு விழுந்த சோறு இந்த ‘மாத்திரமே’ கணக்கில் விழுந்த சோறு.

உணவை மாற்றிக்கொள்ளலாம் என்பது சொல்லச் சுலபம். விவசாயியிடம் அரிசியை விடச் சொல்வீர்களா? கடலில் பிழைக்கிறவனிடம் கடலை விடச் சொல்கிறீர்கள்.

தில்லைவாசி

அம்மா நன்றாகப் பிடித்தீர்கள். இதைத்தான் நான் வேறு வழியாகச் சொல்ல வந்தேன். புலால் மறுப்பு யாருடைய ஆசாரம்? சைவருடையது. ‘சைவம்’ என்றாலே ஊரில் மரக்கறிச் சாப்பாடு என்றுதான் பொருள். எல்லா ஆசாரத்தையும் விட்டேன் என்றவர் இந்த ஒன்றை மட்டும் விடவில்லை, இறுக்கிக் கட்டிக்கொண்டார். அப்படியானால் சபைத்தொண்டன் சொல்லும் அந்த ‘வெளியேற்றம்’ எவ்வளவு தூரம் நடந்தது?

சபைத்தொண்டன்

ஐயா, இரண்டும் ஒன்றில்லை. சைவத்தில் கண்ணப்பர் பன்றிக்கறி படைத்து முக்தி பெற்றார். அன்பு இருந்தால் போதும், கறி குற்றமில்லை என்று பெரியபுராணமே ஒப்புக்கொள்கிறது. வள்ளலார் அந்த விலக்கைக்கூடக் கொடுக்கவில்லை. அவர் வாதம் தீட்டு, சுத்தம் என்ற கணக்கில் வரவே இல்லை. எல்லா உயிரும் ஒரே இயற்கை உண்மையின் விளக்கம், ஒன்றைக் கொன்று ஒன்றின் பசியைத் தணிப்பது கருணை ஆகாது என்ற கணக்கு. அப்படியானால் செடியும் உயிர்தானே என்று கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியும். அதையும் அவரே எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறார்: வித்தும் காயும் கனியும் கொள்வது நகமும் மயிரும் களைவது போல, உயிர்க்கொலை ஆகாது என்று. ஏற்கிறீர்களோ இல்லையோ, அது சாதி ஆசாரத்தைக் காப்பாற்றும் ஆளின் யோசனை இல்லை.

அக்கா காட்டிய பாட்டை நான் மறைக்க நினைக்கவில்லை. அது கடுமைதான். ஆனால் கொலையை ஒருவர் உண்மையிலேயே கொலை என்று நம்பினால், அந்தக் கடுமை வராமல் எப்படி இருக்கும்? பிறப்பால் ஒதுக்குவதை எதிர்த்தவர் செய்கையால் ஒதுக்கினார். எனக்கு அதில் முரண் தெரியவில்லை.

முத்திரிக்கிணறு

என் பெயரைப் பார்த்தாலே தெரியும், நான் சாமித்தோப்புக்காரன். ஐயா வைகுண்டர் 1809இல் பிறந்து 1851இல் மறைந்தவர், வள்ளலாருக்கு மூத்தவர். அவர் தோண்டிய முத்திரிக்கிணற்றில் எல்லாச் சாதியும் ஒன்றாக நீர் எடுத்தது. நிமிர்ந்து தலைப்பாகை கட்டிக்கொண்டு வாருங்கள் என்று சனங்களிடம் சொன்னார். திருவிதாங்கூர் அரசு அவரைப் பிடித்துச் சிங்காரத்தோப்பில் சிறைவைத்தது. துவையல் பந்தியில் விரதமாகக் கட்டுப்பாட்டோடு இருக்கச் சொன்னார் என்பதும் உண்மை. ஆனால் அந்தக் கட்டுப்பாடு நாங்களே எங்களுக்குப் போட்டுக்கொண்டது.

நாராயண குரு 1888இல் அருவிப்புறத்தில் சிவனைப் பிரதிஷ்டை செய்தார். 1903இல் அவர் பெயரில் ‘யோகம்’ என்ற சங்கம் அமைந்து பள்ளிக்கூடமும் உரிமைப் போராட்டமுமாக வளர்ந்தது. இரண்டு பேருக்கும் பின்னால் ஒரு சமூகம் நின்றது. அரசு பயந்தது. வள்ளலாருக்குப் பின்னால் நின்றவர்கள் யார்? முதலியார், ரெட்டியார், பிள்ளை என்று பெயர்களைப் படித்தாலே தெரிகிறது. ‘கடை விரித்தோம், கொள்வாரில்லை’ என்று அவர் சொன்னதாக ஒரு பேச்சு வழங்குகிறதே, அதற்குக் காரணம் சரக்கு மட்டமானது என்பது இல்லை. யாருக்கு அந்தச் சரக்கு அவசரமாகத் தேவையோ, அந்தத் தெருவில் கடை போடவில்லை.

பழம்பிரதி

கடைசி வரிக்கு ஒரு எதிர்வாதம் உண்டு. ‘சாதியிலே மதங்களிலே சமயநெறி களிலே சாத்திரச்சந் தடிகளிலே கோத்திரச்சண் டையிலே’ என்ற பாட்டு யாரை நோக்கியது? ‘ஆதியிலே அபிமானித் தலைகின்ற உலகீர்’ என்கிறார். கோத்திரமும் சாத்திரமும் உள்ள வீடுகளை நோக்கித்தான் பேசுகிறார். நோயுள்ள தெருவில் கடை போட்டார் என்றும் பார்க்கலாம்.

இருபதாம் நூற்றாண்டில் யார் யார் அவரை எடுத்துக்கொண்டார்கள் என்பதையும் பாருங்கள். பெரியார் இயக்கத்தில் ஆறாம் திருமுறைப் பாடல்களைத் தொகுத்துப் பரப்பினார்கள். ‘கண்மூடி வழக்கமெலாம் மண்மூடிப் போக’ என்ற வரி நாத்திக மேடைகளில் முழங்கியது. இன்னொரு பக்கம், சென்னை மாகாண முதல்வராக இருந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார், காங்கிரஸ்காரர், ஆத்திகர், அரசியலை விட்டு வடலூருக்கே வந்து தங்கிச் சன்மார்க்கப் பணி செய்தார். இரண்டு கரையும் தம்முடையவர் என்று சொல்லும் ஆள் தமிழ்நாட்டில் வேறு யார்?

புதிய உறுப்பினர்

எல்லாம் சரி, 1874 ஜனவரி 30 அன்று அறைக்குள் போனவர் என்ன ஆனார்? எரித்துவிட்டார்கள் என்று ஒரு காணொளி பார்த்தேன். அதைப் பேசுங்கள்.

நெறியாளர்

இந்த விஷயம் வந்தால் இழை ஐம்பது பக்கம் போய்ப் பூட்டத்தான் வேண்டியிருக்கும். 1906ஆம் வருடத் தென்னார்க்காடு மாவட்ட விவரச்சுவடி சொல்வது இவ்வளவுதான்: மேட்டுக்குப்பத்தில் ஓர் அறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டார், திறக்க வேண்டாம் என்று சீடர்களிடம் சொன்னார், அதன்பிறகு யாரும் அவரைப் பார்க்கவில்லை, அறை இன்னும் பூட்டியே இருக்கிறது. காணொளிகளை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தேவனாம்பட்டினம்

நன்றி நெறியாளர். பெண்களைப் பற்றி யாருமே வாய் திறக்கவில்லை, அதனால் நானே கேட்கிறேன். முதல் திருமுறைகளில் பெண்ணைப் பழித்துப் பாடிய பாட்டெல்லாம் சித்தர் மரபு என்று தள்ளிவிடுவீர்கள், விடுங்கள். கடைசிக் காலத்தில் என்ன சொன்னார்?

சபைத்தொண்டன்

1871இல் ஒரு அறிவிப்பு வெளியிட்டார், ‘சமாதி வற்புறுத்தல்’ என்று பெயர். இறந்தவரை எரிக்க வேண்டாம், புதையுங்கள். கருமாதி, திதி எதுவும் வேண்டாம். கணவன் இறந்தால் மனைவியின் தாலியை வாங்க வேண்டாம். மனைவி இறந்தால் கணவன் வேறு கல்யாணத்துக்கு முயல வேண்டாம். நான்கு வரியில் ஒரு புரோகிதரின் பாதி வருமானத்தை வெட்டிவிட்டார். அந்தக் காலத்தில் பத்தாம் நாள் ஆற்றங்கரையில் ஒரு பெண்ணை உட்காரவைத்து, வளையலை உடைத்து, தாலியை அறுத்து, வெள்ளைப் புடவையைப் போர்த்தி வீட்டு மூலைக்கு அனுப்புவார்களே, அந்தச் சடங்கே நடக்கக் கூடாது என்றார். என் பாட்டிக்கு எங்கள் குடும்பத்தில் தாலி வாங்கவில்லை. பூவும் பொட்டும் கடைசிவரை இருந்தது. எங்கள் தெருவில் அது சாதாரண விஷயம் இல்லை.

தேவனாம்பட்டினம்

இதை முன்பே சொல்லியிருக்கலாமே. இது எனக்குப் பிடிக்கிறது. ஆனால் விதவை மறுமணச் சட்டம் 1856லேயே வந்துவிட்டது, வித்யாசாகர் போராடி வாங்கியது. 15 வருடம் கழித்து வள்ளலார் தாலியைக் கழற்றாதே என்கிறார், இன்னொரு தாலி கட்டிக்கொள் என்று சொல்லவில்லையே?

சபைத்தொண்டன்

சொல்லவில்லை. ஆணுக்கும் மறுமணம் வேண்டாம் என்றாரே, அந்தச் சமத்துவத்தைப் பாருங்கள். சட்டம் வந்தும் அன்றைக்கு மறுமணம் செய்துகொண்டவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். தாலியை விட்டுவைப்பதோ எந்த ஏழை வீட்டிலும் அன்றைக்கே செய்யக்கூடியது. எந்தத் தலைவரின் அனுமதியும் தேவையில்லை, செலவும் இல்லை.

தில்லைவாசி

இன்றைய நிலைக்கு வருவோம். 2023 ஜூனில் ஆளுநர் வடலூரில் பேசும்போது வள்ளலாரைச் சனாதன தர்மத்தின் உச்ச நட்சத்திரம் என்றார். உடனே எதிர்க்குரல்கள் கிளம்பின. எனக்கு ஆளுநரின் அரசியல் வேண்டாம். ஆனால் அவரை மறுத்தவர்களில் பாதிப் பேருக்கு ஆறாம் திருமுறையில் நான்கு வரிக்குமேல் தெரியாது என்று பந்தயம் கட்டுவேன். கடவுளை நம்பாதவர்கள் ‘அருட்பெருஞ்ஜோதி’யை எடுத்துவிட்டுச் சோற்றையும் சாதி எதிர்ப்பையும் மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். இறந்தவர் எழுவர், ஆண்டவர் வரப்போகிறார் என்று அவர் திரும்பத் திரும்பப் பாடியதை என்ன செய்வார்கள்?

சபைத்தொண்டன்

உண்மைதான், அவர்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. ஆனால் எடுத்துவிடுவது ஒரு பக்கம் என்றால், திணிப்பது இன்னொரு பக்கம். ஞான சபைக்குள் என்ன நடந்தது என்று நினைவிருக்கிறதா? ஏழு திரை விலகினால் ஜோதி, அவ்வளவுதான் அங்கே வழிபாடு. விளக்கேற்றவும் துடைக்கவும் 12 வயதுக்கு உட்பட்ட சிறுவரோ 72 வயதுக்கு மேற்பட்ட பெரியவரோதான் போக வேண்டும் என்று எழுதிவைத்தார். பரம்பரைப் பூசகருக்கு அதில் இடமே இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் பரம்பரை உரிமை என்று சொல்லிச் சிவலிங்கம் வைத்துப் பூசை நடத்திவந்தார்கள். 2006இல் அறநிலையத் துறை அதை நிறுத்த ஆணையிட்டது, 2010இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி சந்துரு அந்த ஆணையை உறுதிசெய்தார். வள்ளலார் எழுதிய விதிகளைப் படித்துத்தான் தீர்ப்பு. அவரை ‘சைவ மரத்தின் கிளை’ என்று சொல்லச் சொல்ல, கிளைக்கு அடியில் லிங்கம் வந்துவிடுகிறது. அதனால்தான் ஐயா, பெயர் வைப்பதில் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன்.

முத்திரிக்கிணறு

சபையைச் சுற்றியுள்ள அந்தப் பெருவெளியிலேயே 100 கோடி ரூபாய் செலவில் சர்வதேச மையம் கட்டப்போய், 2024இல் நிலம் கொடுத்த பார்வதிபுரத்துக்காரர்களே பள்ளத்தில் இறங்கி மறித்தார்களே, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லிங்கம் வைப்பவர் ஒருவர், கான்கிரீட் வைப்பவர் ஒருவர். வெறும் வெளியாக விட்டுவைத்ததில் ஏதோ அர்த்தம் இருக்கும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

தில்லைவாசி

லிங்கத்தைச் சபைக்குள் வைத்தது தவறு என்பதில் எனக்கு மறுப்பில்லை, அவர் விதி அவர் இடத்தில் நிற்கட்டும். ஆனால் வேரைச் சொல்வது வேறு, விதியை மீறுவது வேறு. மாணிக்கவாசகர் இல்லாமல் அவருடைய தமிழ் ஏது?

தேவனாம்பட்டினம்

விதி, விதி என்கிறீர்கள். ஒன்று கேட்கிறேன், சபைத்தொண்டன் நேராகப் பதில் சொல்லுங்கள். வாசலில் அந்த வாசகம் இருக்கிறது. உள்ளே போகிறவர் உண்மையிலேயே புலால் விட்டவரா என்று யார் பார்க்கிறார்கள்?

சபைத்தொண்டன்

யாரும் பார்ப்பதில்லை அக்கா. அவரவர் மனசாட்சிதான்.

தேவனாம்பட்டினம்

அப்படியானால் தைப்பூசத்துக்கு முதல்நாள் பிரியாணி சாப்பிட்டவர் உள்ளே நிற்கிறார். வாசகத்தை மதித்த என் அப்பா வெளியே நின்றார்.

சபைத்தொண்டன்

ஆமாம். உங்கள் அப்பா அந்த வாசகத்தைப் படித்த மாதிரி உள்ளே இருப்பவர்களில் பலர் படிக்கவில்லை. ஆனாலும் அதை எடுத்துவிடச் சொன்னால் நான் ஒப்பமாட்டேன்.

தேவனாம்பட்டினம்

எடுக்கச் சொல்லவில்லை. ‘நண்புதவேல்’ பாட்டையும் அதற்குப் பக்கத்திலேயே எழுதிவையுங்கள் என்கிறேன். வருகிறவர்கள் இரண்டையும் படித்துவிட்டு உள்ளே போகட்டும்.